ரோட்டரி இன்ஜினுக்கு ஏர் ஃபில்டர்: கோனா, பேப்பரா, ஸ்பாஞ்சா? (வீட்டில் கட்டும் விமானம், மேலூர்)

மேலூர்_கருடன்

எல்லாருக்கும் வணக்கம். ஷெட்ல நிக்கிற ரெண்டு சீட்டரைப் பத்தி புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்ல இருந்து எடுத்த 13பி ரெனசிஸ் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற வகை), 2.85க்கு 1 ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ். அதிகபட்சம் 6500 ஆர்பிஎம், அப்ப புரொப்பெல்லர் 2280 சுத்தும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்தான். ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், மேனிஃபோல்டு பிரஷரையும் காத்தோட சூட்டையும் வச்சு பெட்ரோல் கணக்குப் போடுற வகை, காத்தை அளக்குற சென்சார் கிடையாது. இன்னும் பறக்கல. டிரெய்லர்ல கட்டி புரொப்போட ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

இப்ப ஃபில்டர் முடிவு பண்ணணும். எனக்குப் புடிச்சது எண்ணெய் போட்ட காட்டன் கோன், கூம்பு மாதிரி இருக்குமே அது. த்ராட்டில் பாடி வாயிலயே கிளாம்ப் போட்டு மாட்டிட்டா வேலை முடிஞ்சது, வெயிட்டும் இல்ல. கௌலிங்குக்கு (இன்ஜின் மேல் மூடி) உள்ளயே உக்காந்துரும். கடைக்காரர் "1.3 லிட்டர் இன்ஜின்தானே, ஸ்விஃப்ட் சைஸ் போதும் தம்பி"ங்கிறார்.

ஒரே உறுத்தல் நம்ம ஊர் தூசி. சுத்தி கிரானைட் குவாரி. ஆடி வந்துட்டா ஷெட் கதவைச் சாத்தி வச்சாலும் விங் மேல விரல்ல பேர் எழுதலாம். என்ன போடலாம்?

ஏஎம்இ_சுப்பு

முதலில் அந்த 1.3 லிட்டர் கணக்கைச் சரிசெய்துவிடுவோம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

13பி-யின் கொள்ளளவு 1308 சிசி, அதாவது ஒரு அறைக்கு 654 வீதம் இரண்டு ரோட்டர். பிஸ்டன் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ரோட்டரியில் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை இழுத்துவிடும். ஆகவே ஒரு சுற்றுக்கு முழு 1308 சிசி. காற்றுக் கணக்குக்கு இதை 2.6 லிட்டர் பிஸ்டன் இன்ஜினாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 6500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 8500 லிட்டர், அதாவது 300 கன அடி.

கே அண்ட் என் நிறுவனம் தரும் சூத்திரம் எளிது: கன அங்குலத்தில் கொள்ளளவை ஆர்பிஎம்மால் பெருக்கி 20,839 ஆல் வகுத்தால், தேவையான ஃபில்டர் பரப்பு சதுர அங்குலத்தில் கிடைக்கும். 80 கன அங்குலம் என்று போட்டால் 25 வரும். சரியான எண் 160. அதைப் போட்டால் 50. கடைக்காரர் சொன்ன அளவு பாதிதான் என்பது இங்கேயே தெரிந்துவிடும். 50 என்பதும் சுத்தமான ஃபில்டருக்கான கீழ்வரம்பு. மேலூர்த் தூசிக்கு அதற்கும் மேல் இடம் விட வேண்டும்.

கப்பலூர்_லேத்

சார் சொன்னதுதான் கருடா. ஸ்கார்ப்பியோ 2.2 டீசல், இன்னோவா 2.5 டீசல், இதுக்கெல்லாம் டர்போ வச்சு உள்ள தள்ளுற காத்தும் ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். அதோட பேனல் ஃபில்டரை எடு, தட்டையா இருக்குற பேப்பர் ஃபில்டர். எந்த ஊர்லயும் கிடைக்கும், நடுராத்திரி தாபா பக்கத்துல இருக்குற ஸ்பேர் கடையில கூட விக்கிறாய்ங்க. இம்போர்ட் கோனை வாங்கிட்டு அடுத்தது வர்ற வரைக்கும் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா?

பெட்டி நான் அடிச்சுத் தாரேன். 1.2 மில்லி அலுமினியம், மடிச்சு ரிவெட்.

ஒத்தக்கடை_டிராக்டர்

நான் பிளேன் ஆளு இல்ல, டிராக்டர் ஆளு. புழுதியில ஓடுற வண்டிக்குன்னு இருக்கிறதே ஆயில் பாத் ஃபில்டர்தான். காத்து எண்ணெய்க் கிண்ணத்து மேல போய்த் திரும்பும்போது தூசி எண்ணெயில விழுந்துரும். அதுக்கு மேல ஒரு சைக்ளோன் ப்ரீ-கிளீனர் வச்சா பெருந்தூசி முன்னாடியே சுழண்டு வெளியேறிடும். பேப்பர் மாத்துற செலவே கிடையாது. இதை யோசிச்சீங்களா?

ஏஎம்இ_சுப்பு

டிராக்டருக்குச் சரியான பொருள்தான் அண்ணே, ஆனால் விமானம் சாயும். ஏறும், இறங்கும், திருப்பத்தில் கிண்ணத்து எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. அது இன்ஜினுக்குள் இழுபட்டால் வேறு வினை. எடையும் கூடுதல். சைக்ளோன் யோசனை மோசமில்லை, தரையில் நிற்கும் டெஸ்ட் டிரெய்லருக்கு அதைத் தாராளமாக வைக்கலாம்.

கோவை_சீல்

கருடன், நானுங்க 13பி ரெண்டு மூணு பிரிச்சுக் கோத்திருக்கேன், எல்லாம் காருக்குத்தான். ஃபில்டர் சைஸ் பேசுறதுக்கு முந்தி தூசி உள்ள போனா என்ன ஆகும்னு சொல்லிடறேன்.

இதுல இன்டேக் வால்வு கிடையாதுங்க. போர்ட், அதாவது சுவர்ல இருக்கற திறப்பு வழியா வர்ற காத்து நேரா ரோட்டர் அறைக்குப் போகுது. அபெக்ஸ் சீல், அதாவது ரோட்டர் முக்கு ஒவ்வொண்ணுலயும் நிக்கிற அந்தப் பட்டை, குரோம் போட்ட ஹவுசிங் சுவரை ஒவ்வொரு சுத்துக்கும் வழிச்சுக்கிட்டே போகுது. ரெண்டு ரோட்டருக்கு ஆறு சீல். அதை நனைக்க மாஸ்டாவே கொஞ்சம் எண்ணெயை உள்ள விடறான். விமானத்துல பல பேர் அந்தப் பம்பை எடுத்துட்டு பெட்ரோல்லயே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கறாங்க. எப்படி விட்டாலும் எண்ணெயும் கிரானைட் தூசியும் சேர்ந்தா வால்வைத் தேய்ச்சு உக்கார வைக்கற லேப்பிங் பேஸ்ட் மாதிரிதானுங்க. கிரானைட்ல இருக்கற குவார்ட்ஸ் கடினம் மோ அளவுல 7, சாதாரண இரும்பெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது.

ஒரு வண்டி ஃபில்டர் பெட்டி மூடி சரியா உக்காராம கொஞ்ச காலம் ஓடியிருந்துச்சு. ஃபில்டர் புதுசு, நல்ல கம்பெனி. பிரிச்சுப் பாத்தா ஹவுசிங் பளபளன்னுதான் இருந்துச்சு. நகத்தைக் குறுக்க வச்சு இழுத்தா மட்டும் சின்னச் சின்னதா தட்டுப்பட்டுச்சு, சீல் ஓடற திசையிலேயே கோடு. சைட் பிளேட்டுலயும் வளைஞ்ச கோடு. காலைல கூலா ஸ்டார்ட் ஆகும், சூட்டுல ஆகாது. கம்ப்ரஷன் போச்சு.

அதனால நான் கேக்கறது, கோனா பேப்பரான்னு இல்லீங்க. ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல எத்தனை ஜாயிண்ட் வரும்? ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை.

மேலூர்_கருடன்

அண்ணே, இதைக் கேட்டதும் கோன்தானே நல்லதுன்னு தோணுது? ஒரே ஒரு ஜாயிண்ட்தான்.

பெர்த்_பாண்டி

உசிலம்பட்டிக்காரன், இப்ப பெர்த்ல. ஹோம்பில்ட்தான் ஓட்டுறேன், இன்ஜின் மட்டும் லைகாமிங், விமானத்துக்குன்னே செய்யுற பிஸ்டன் இன்ஜின். செம்மண் ஸ்ட்ரிப்லதான் நிறைய இறங்குறேன், அதனால தூசி பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு.

கோன் கௌலிங் உள்ள இருந்தா அது குடிக்கிறது ரேடியேட்டரைத் தாண்டி வந்த காத்து. ரோட்டரி எக்ஸாஸ்ட் எவ்வளவு சூடுன்னு உங்களுக்கே தெரியும், ஆயில் கூலரும் பெருசு. மதுரையில மே மாசம் வெளிய 40 டிகிரி, உள்ள 70ன்னு வச்சுக்கங்க. காத்தோட அடர்த்தி 9 சதவீதம் போச்சு. பவர் அதே அளவுக்கு முழுசா குறையாட்டியும் ஏறும்போது நல்லாவே உறைக்கும். அது கூடப் பரவாயில்ல, சூடான காத்துல நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறா வெடிக்கும். பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் தாங்கும், அபெக்ஸ் சீல் பட்டுனு உடையும்.

ஃபில்டர் தடுக்கிறதால எவ்வளவு போகும்? ஆறு அங்குலத் தண்ணி அளவு தடுத்தாக்கூட பாதரசக் கணக்குல அரை அங்குலம் வராது, ஏன்னா 13.6 அங்குலத் தண்ணிதான் ஒரு அங்குலப் பாதரசம். 30ல அரை, அவ்வளவுதான், ஒண்ணரை சதவீதம். ஆளுக்கு ஆளு "ஃப்ளோ, ஃப்ளோ"ன்னு கோனை விக்கிறது இந்த ஒண்ணரைக்காகத்தான். வெளிக்காத்தை எடுக்காம விட்டா போறது அதைப் போல பல மடங்கு.

அதனால பெட்டி. பெட்டிக்கு வெளியில இருந்து குழாய். வாய் புரொப்புக்குப் பின்னாடி கீழ் உதட்டுல வேணாம், சக்கரம் கிளப்புற கல்லும் புரொப் கிளப்புற புழுதியும் நேரா உள்ள வரும். எவ்வளவு மேல வைக்க முடியுமோ வையுங்க.

கப்பலூர்_லேத்

பாண்டி சொல்றது நூத்துக்கு நூறு. வேகத்துல போகும்போது எதிர்க்காத்து தானா உள்ள தள்ளுற ராம் ஏர்னு ஒண்ணு இருக்குல்ல, அது கிடைக்குமா?

பெர்த்_பாண்டி

120 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 220 கிலோமீட்டர்ல, முழுசா பிடிச்சாக்கூட 0.7 அங்குலப் பாதரசம். வாயும் குழாயும் நல்லா இருந்தா அதுல பாதிக்கு மேல கிடைக்கும், ஃபில்டர் தின்னதை அது திருப்பிக் குடுத்துரும். சில பேர் மேல போனதும் ஃபில்டரைச் சுத்திக் கதவைத் திறந்து நேர்க்காத்து எடுக்கிறாங்க. தூசி தரைப் பக்கம்தான், மேல சுத்தமா இருக்கும்ங்கிறது அவங்க வாதம். நானும் அந்தக் கட்சிதான்.

ஏஎம்இ_சுப்பு

நான் அந்தக் கட்சி இல்லை. கால் அங்குலப் பாதரசத்துக்காக ஒரு கதவு, அதற்கு ஒரு கேபிள், அதற்கு ஒரு சீல். அந்தச் சீல் தேய்ந்தால் கதவு மூடியிருக்கும்போதும் ஓரத்தில் தூசி கசியும், யாரும் பார்க்க மாட்டார்கள். கோவைக்காரர் சொன்ன மூடி உட்காராத வண்டியும் இதே கதைதான். போதாததற்கு வைகாசி, ஆனியில் நம் பக்கம் புழுதி ஆயிரம் அடிக்கு மேலும் நிற்கும்.

ஆனால் வேறொரு கதவு கட்டாயம் வேண்டும், அதை இதுவரை யாரும் சொல்லவில்லை. மாற்றுக் காற்றுக் கதவு. ஃபில்டர் அடைத்துவிட்டால் இன்ஜின் மூச்சுவிட வழி. ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்க வேண்டும். கௌலிங்கின் உள்காற்றை எடுக்கலாம். காந்தத்தாலோ மெல்லிய ஸ்பிரிங்காலோ மூடியிருந்து, உறிஞ்சல் அதிகமானால் தானே திறக்கும்படியும், விமானியும் கேபிளால் இழுத்துத் திறக்கும்படியும் அமைக்க வேண்டும்.

கார்புரேட்டர் இல்லை, ஐஸ் வராது, எதற்கு என்று கேட்பீர்கள். முதல் மழை முடிந்த சாயங்காலம் நம் ஊரில் ஈசல் எவ்வளவு பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். நனைந்த பேப்பர் மேல் ஈசல் இறகு அப்பினால் போதும்.

பெர்த்_பாண்டி

ஈசலை நான் மறந்தே போனேன் சார்! இங்க வெட்டுக்கிளி.

சரி, ஃபில்டரைச் சுத்திப் போற பைபாஸ் கதவு விஷயத்துல உங்களோட ஒத்துப்போகல. ஆனா முதல் நூறு மணி நேரத்துக்கு கருடனுக்கு அது வேணாம்ங்கிறதை ஒத்துக்கிறேன். ஒரே நேரத்துல ரெண்டு கதவு கட்டிக் குழப்பிக்க வேணாம்.

புதுத்தாமரை

ஒரு சந்தேகம். செர்டிஃபைட் விமானங்கள்ல பிராக்கெட் கம்பெனியோட ஸ்பாஞ்ச் ஃபில்டர்தானே நிறைய இருக்கு? அதையே போடலாமே?

ஏஎம்இ_சுப்பு

போடலாம். ஈரப்பசையுள்ள அந்த ஸ்பாஞ்ச் தூசியை நன்றாகவே பிடிக்கும், மழைக்கும் அஞ்சாது. ஆனால் அதை நேரத்துக்கு மாற்ற வேண்டும், கழுவிப் போடுவது இல்லை. நம் ஊரில் அந்தச் சரக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். பைக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். பழசானால் பொடிந்து துண்டு துண்டாக உள்ளே போகும். இன்டேக்கில் பேக்ஃபயர் ஆனால் பற்றவும் செய்யும்.

கோவை_சீல்

பேக்ஃபயர் விஷயத்துல ரெனசிஸ் கொஞ்சம் தேவலைங்க. எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைடுலயே இருக்கறதால ரெண்டு போர்ட்டும் சேர்ந்து திறந்திருக்கற நேரமே இல்லை. பழைய ஆர்எக்ஸ்-7 இன்ஜின்ல பெரிஃபெரல் இன்டேக் (ஹவுசிங் சுவர்லயே காத்து வழி) வெட்டினவங்களுக்குத்தான் ஐடில்ல புகையும் பெட்ரோல் ஆவியும் திரும்பி ஃபில்டர் வரைக்கும் வந்து நனைக்கும்.

காட்டனா பேப்பரான்னு கேட்டா என் ஓட்டு பேப்பருக்கு. எண்ணெய் போட்ட காட்டன் காத்தை லேசா விடும், ஆனா நைஸ் தூசியையும் நல்ல பேப்பரைவிடப் பொதுவா கொஞ்சம் கூடவே விடும். ரோட்டு மேல ஓடற காருக்கு அது பெருசில்லைங்க. குவாரி ஓரத்துக்கு ஆகாது. எண்ணெய் அளவு கூடினாலும் குறைஞ்சாலும் தொந்தரவு வேற. உங்க ஈசியூவுக்கு ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாததால எண்ணெய் படிஞ்சு கெடற பிரச்சினை மட்டும் உங்களுக்கு இல்லை.

இன்னொண்ணு, பேப்பரை ஆசை ஆசையா தினமும் கம்ப்ரசர்ல ஊதாதீங்க. லேசாத் தூசி படிஞ்ச ஃபில்டர்தான் புதுசைவிட நல்லாப் பிடிக்கும். ஊதி ஊதி ஓட்டை விழுந்தா கண்ணுக்கே தெரியாது.

மேலூர்_கருடன்

சரி, தோத்துட்டேன். கோன் வேணாம். லேத் அண்ணன் பட்டறையில ஸ்கார்ப்பியோ பேனலுக்கு ஒரு பெட்டி அடிச்சாச்சு, கீழ் மூலையில தண்ணி வடிய சின்ன ஓட்டை, ஐப்பசி கார்த்திகை மழையை நினைச்சு.

ஃபில்டர் தடுப்பு எவ்வளவுன்னு அளக்க மேனோமீட்டர், அதாவது பிரஷர் வித்தியாசம் காட்டுற கருவி, தேடினேன். வாங்கல. கொத்தனார் மட்டம் பாக்குற டியூப் இருக்குல்ல, அதையே பலகையில யூ மாதிரி வளச்சுக் கட்டி, பாதி வரைக்கும் நீலம் கலந்த தண்ணி. ஒரு முனை ஃபில்டருக்குப் பின்னாடி பெட்டிக்குள்ள, இன்னொண்ணு வெளிய. ரெண்டு பக்கத் தண்ணிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு. ஒவ்வொரு காலும் மூணடி நீளம் விட்டிருக்கேன், தண்ணியை இன்ஜின் குடிச்சிரக் கூடாதுல்ல.

டிரெய்லர்ல முழு த்ராட்டில். ஃபில்டரோட ஆறு அங்குலம். ஃபில்டரை எடுத்துட்டு வெறும் பெட்டியும் குழாயும் மட்டும் வச்சா நாலரை! அப்ப ஃபில்டர் தின்னது ஒண்ணரை அங்குலம்தான். மீதி எல்லாம் எங்க போகுது?

கப்பலூர்_லேத்

குழாய் என்ன சைசு?

மேலூர்_கருடன்

வாயில இருந்து பெட்டி வரைக்கும் ரெண்டரை அங்குலம். ஒரு 90 டிகிரி வளைவு.

கப்பலூர்_லேத்

அதான் விஷயம். தாகத்துக்கு ஆள் சொம்பைத் தூக்குறப்ப நீ ஸ்ட்ராவைக் குடுத்திருக்க.

ஏஎம்இ_சுப்பு

கணக்கும் அதையே சொல்கிறது. ஒரே அளவு காற்றுக்குக் குழாயின் இழப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். ரெண்டரை அங்குலத்தை மூன்றாக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். மூன்றரைக்கு இடமிருந்தால் இன்னும் நல்லது. வாயின் உதட்டை வட்டமாக உருட்டி விடுங்கள், வெட்டிய விளிம்பாக விட வேண்டாம். வளைவை முடிந்தவரை அகலமாக எடுங்கள். குழாய் கம்பிச் சுருள் வைத்ததாக இருக்கட்டும். மெல்லிய ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாகிவிடும்.

கோவை_சீல்

அந்த யூ டியூப் பலகையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புது ஃபில்டர்ல வந்த எண்ணைப் பெட்டி மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க. அதே ஆர்பிஎம்ல எவ்வளவு ஏறுதுன்னு பாத்து மாத்தினாப் போதும், தேதி பாத்து இல்லை.

ஓட்டின பின்னாடி இன்னொரு சோதனை. ஃபில்டருக்குப் பின்னாடி குழாய் உள்சுவர்ல லேசா கிரீஸ் தடவி விடுங்க, நாலஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வெள்ளைத் துணியில துடைங்க. மஞ்சளா கிரீஸ் மட்டும் வந்தா சரி. விரல் நடுவுல வச்சு உருட்டினா நறநறன்னா எங்கயோ கசியுது. ஆயில் லேபுக்கு அனுப்பினா சிலிக்கான் காட்டும்தான், ஆனா புதுசாக் கோத்த இன்ஜின்ல சீலன்ட்டுல இருந்தும் சிலிக்கான் வரும், குழப்பும்.

மேலூர்_கருடன்

மூணு அங்குலக் குழாய், வாய் உருட்டியாச்சு. இப்ப ஃபில்டரோட மூணரை அங்குலம் காட்டுது. வாய் வலது பக்கம் கௌலிங் மேல் ஓரத்துக்கு ஏறிடுச்சு. மாற்றுக் காத்துக் கதவுக்கு ஃப்ரிட்ஜ் கதவு காந்தப் பட்டை போட்டிருக்கேன், பெட்டி வாயை அட்டை வச்சு முழுசா மூடிப் பாத்தேன், டப்புனு திறந்து இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆர்பிஎம் கொஞ்சம்தான் விழுந்துச்சு.

ஏஎம்இ_சுப்பு

காந்தப் பட்டையை ஒட்டியிருக்கிறீர்களா, ரிவெட் அடித்திருக்கிறீர்களா? கௌலிங் சூட்டில் பசை விடும். விட்டால் அந்தப் பட்டை போகும் இடம் த்ராட்டில்.

மேலூர்_கருடன்

ஒட்டினதுதான் சார்.

ஏஎம்இ_சுப்பு

எடுத்துவிடுங்கள். காந்தத்தைப் பெட்டிக்கு வெளிப்பக்கம் வையுங்கள், கதவின் ஓரத்தில் இரும்புத் தகடு ரிவெட்டில் நிற்கட்டும். கீலில் இருக்கும் பின்னுக்கும் சேஃப்டி வயர் போடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் நட்டு, வாஷர், பசை எதுவும் தனியாகக் கழன்று விழும்படி இருக்கக் கூடாது. அது முடிந்ததும் பெட்டியின் உள்பக்கப் படம் போடுங்கள், பார்க்கிறேன்.

கப்பலூர்_லேத்

இரும்புத் தகடு நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்க கருடா. பழைய பட்டையைச் சுரண்டும்போது பசைத் துணுக்கு உள்ள விழாம குழாய் வாயில துணி அடைச்சுக்க. அந்தத் துணிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி வெளிய தொங்க விடு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எடுக்கணும்ல.